நாற்பத்தேழாம் வரிசை

ஆரணி,
ஆவணி 10, செவ்வாய், முற்பகல்.

பெங்களூரில் கணினிப் பணியாற்றும் என் தமக்கை மகன், அன்பு மருமகன் பொன்னரசனுக்கு,

உன் தாய்மாமனும், ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளர் நல மன்றத்தின் செயலாளனும், முப்பத்தொன்பது ஆண்டுகள் மேடையில் முழங்கியும் இன்னும் தொண்டை கட்டாதவனுமாகிய திருமாறன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். மடலைத் தொடங்க வேண்டுமே என்பதற்காக எழுதிய வரியன்று இது. இன்று காலை பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து எழுதிய வரி. நீயும் பொற்கொடி அக்காவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். அவள் சுவர்ணலதா என்றுதான் கையொப்பமிடுகிறாள், நீயும் ஏமநாத் என்றுதான் கையொப்பமிடுகிறாய். அஃது உங்கள் உரிமை. வடமொழிப் பெயரைத் தமிழாக்கி அழைப்பது என் கடமை. அந்தக் கடமை என்ன செய்தது என்பதையும் இம்மடலில் மறைக்காமல் சொல்வேன்.

கைப்பேசியில் பேசாமல் ஏன் மடல் என்று கேட்பாய். அழைத்தால் நீ எடுப்பதில்லை. எடுக்காத மறுநொடியே “மாமா, மீட்டிங்” என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. எப்போது அழைத்தாலும் அதே இரு சொற்கள், அதே விரைவு. அதற்கும் ஒரு பொத்தான் வைத்திருப்பாய் என்பது என் ஐயம். ஆகவே எழுதுகிறேன். எதற்காக எழுதுகிறேன்? உன்மீது குற்றம் சாட்டுவதற்காக, சாட்டியபின் மன்னிப்பதற்காக. சேவூர்த் தனகோடியை உனக்குத் தெரியும். உன் திருமணப் புடவையை நெய்தவன். அவனுக்கு நாளை மறுநாள், வியாழக்கிழமை, வேலூரில் நெஞ்சைத் திறந்து அறுவை. அது நடக்க வேண்டுமானால் தனகோடி உயிரோடு இருக்கிறான் என்று கணினியில் உள்ள ஒரு விரிதாள் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று கிழமைகளாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அந்த விரிதாளுக்குக் கொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. இடையே பிறர் பெயரை மாற்றாமல், பேசியதையும் அவரவர் வாய்மொழியிலேயே எழுதுகிறேன். சான்றுரையில் கைவைப்பது அறமன்று.

தொடக்கத்திலிருந்து கேள். நம் மன்றத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர். கைத்தறியாளர், விசைத்தறியாளர், சாயம் தோய்ப்போர், பாவு ஓட்டுவோர், தறிக்குழியில் பிறந்து மேடைக்கு ஏறிய நான் என எல்லோர் பெயரும் அகர வரிசையில் ஒரே தாளில் இருக்கின்றன. அதே கோப்பின் இரண்டாம் தாளுக்கு ‘மறைந்தோர்’ என்று பெயர். உறுப்பினர் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டிய வேலை ஒன்பது. அவர் வரிசையைத் தேட வேண்டும், வெட்ட வேண்டும், மறைந்தோர் தாளுக்குப் போக வேண்டும், அங்கே இடம் பிளந்து ஒட்ட வேண்டும், இறந்த நாளை எழுத வேண்டும், திரும்பி வந்து காலியான வரிசையை நீக்கிக் கீழிருப்போரை ஒரு படி மேலேற்ற வேண்டும், தலைப்பில் உள்ள எண்ணிக்கையில் ஒன்று குறைக்க வேண்டும், சேமிக்க வேண்டும், மூட வேண்டும். சேமித்த மறுநொடி அந்தப் பட்டியல் வட்டப் பதிவகத்தின் கணினியிலும் மாறிவிடும். யாருடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை செல்லும், யாருடையது செல்லாது என்பதை மருத்துவமனைகள் அதைப் பார்த்தே முடிவு செய்யும். இந்த ஒன்பதையும் பதினோர் ஆண்டுகள் என் கையால் செய்தேன். இறந்தவர் வீட்டு வாசலில் நின்று உரையாற்றிவிட்டு, வந்து குளித்துவிட்டு, அமர்ந்து செய்வேன். ஒவ்வொரு முறையும் ‘வெட்டு’ என்னும் இடத்தில் என் விரல் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பொங்கலுக்கு வந்த உன்னிடம் ஒரு குறையாகச் சொன்னேனே, அதுதான் என் முதற்பிழை.

நீ சிரித்தாய். “இதுக்கு ஒரு மேக்ரோ போட்டா ஒரே பட்டன் மாமா” என்றாய். பட்டியலை உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னாய்; அனுப்பினேன்; நீ திறந்தாயா என்பதை இன்றுவரை அறியேன். மேக்ரோ என்பதற்குக் குறுநிரல் என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ பெங்களூர் போய்விட்டாய். தை பதினைந்தாம் நாள் செல்லம்மாள் மறைந்தார். நடந்துகொண்டே நெடுக்கிழை நீட்டும் பாவு ஓட்டுவதில் அவருக்கு நிகரில்லை. ஓர் இழை அறுந்தால் தலை நிமிராமலே கண்டுபிடிப்பார். அன்று உன்னை அழைத்தேன். அன்று மட்டும் நீ எடுத்தாய். “ரெக்கார்டுன்னு இருக்கும், அழுத்துங்க மாமா. வழக்கமா செய்ற மாதிரி ஒரு தடவ செய்ங்க. ஸ்டாப் குடுங்க. அடுத்த தடவ அதுவே செய்யும். நடுவுல வேற எதையும் தொட்டுடாதீங்க, எல்லாம் ரெக்கார்ட் ஆயிடும். ஜல்தி மாமா.” தும்மினாலும் பதிவாகிவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். செல்லம்மாள் இருந்தது நாற்பத்தேழாம் வரிசை என்பதை முன்பே தேடி வைத்திருந்ததால் நேராக நாற்பத்தேழைத் தொட்டேன். வெட்டினேன், ஒட்டினேன், அன்றைய நாளை எழுதினேன், வரிசையை நீக்கினேன், தலைப்பில் 611 என்று எழுதினேன், சேமித்தேன், மூடினேன், பதிவை நிறுத்தினேன். பின்னர் உன் சொற்படி ஒரு பொத்தானும் வரைந்தேன். கறுப்பு நிறம். ‘விடைகொடு’ என்று அதற்குப் பெயரிட்டேன். பெயர் நன்றாகத்தான் அமைந்தது.

மாசியில் விசைத்தறி பலராமன் மறைந்தார். அவர் பெயர்மீது சுட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. கோப்பு தானாக மூடிக்கொண்டது. ஒன்பது வேலை, ஒரே நொடி! உன்னை மனமாரப் போற்றினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வந்த திங்கள்களில் தலைப்பில் 611 என்றே நின்றது. நம் மன்றத்தில் சாவு குறைந்துவிட்டது என்றுகூட எண்ணினேன். ஆனியில் பலராமனின் மனைவி சாவித்திரி அம்மையார் கையில் ஓர் உறையோடு வந்தார். “ஐயா, எங்க வூட்டுக்காரருக்கு பொதுக்குழு அழைப்பு வந்துகீது. ‘தவறாது நேரில் வருக’ன்னு போட்டுகீறீங்க. வரலன்னா பேர எடுத்துடுவீங்களா?” என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை. நான் அஞ்சல்காரர்மீது பழிபோட்டு அனுப்பிவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். பலராமன் இருந்தார். அழுத்தினேன். திறந்து பார்த்தேன்; இருந்தார். மீண்டும் அழுத்தினேன், மீண்டும் இருந்தார். வாழ்நாளெல்லாம் விசைத்தறியை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாத மனிதர், செத்தும் அசையவில்லை. இறுதியில் மன்றத்தின் தட்டச்சர் லாவண்யா, “சார், இவரு போவ மாட்டேங்கறாரு. நான் கையால தூக்கிடறேன்” என்று தூக்கினார். பலராமன் பெயரால் நான் அழுத்தியது மொத்தம் மூன்று முறை. அந்த மூன்றிலும் உயிரோடிருந்த மூவர் மறைந்தோர் தாளுக்குப் போனார்கள். எவ்வாறு என்பதைத் தனகோடியே பின்னால் சொல்வான். பொதுக்குழுவுக்கு முந்திய கிழமை காசியம்மாள் மறைந்தார், அழுத்தினேன், அந்த ஒற்றை அழுத்தில் போனவன் தனகோடி.

இனி என் இரண்டாம் பிழை. பொதுக்குழு தொடங்குமுன் அவ்வாண்டு மறைந்தோர் பெயரைப் படித்து அமைதி காப்பது நம் வழக்கம். பதிவேட்டில் பெற்றோர் இட்ட பெயரை மாற்ற எனக்கு உரிமையில்லை, மேடையில் உண்டு. லாவண்யா அச்சிட்டுத் தந்த தாளைப் பார்த்துக்கொண்டே, ஞானமூர்த்தியை அறிவுருவோர் என்றும், தங்கவேலுவைப் பொன்வேலர் என்றும், தணிகாசலத்தைத் தணிகைமலையார் என்றும், தனகோடியைச் செல்வக்கோடியார் என்றும் முழங்கினேன். ஒரு பெயரைக் கண்டவுடன் அதைத் தமிழாக்குவதில் என் உள்ளம் முழுவதும் ஈடுபட்டதே ஒழிய, அந்தப் பெயருக்கு உரியவன் எதிரே நாற்காலியில் அமர்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பது கண்ணில் படவில்லை. எவருக்கும் ஐயம் எழவில்லை. என் தமிழில் தம் கணவர் பெயர் ஏதோ ஒன்றாக மாறியிருக்கும் என்று சாவித்திரி அம்மையாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மணித்துளி அனைவரும் எழுந்து நின்றோம். பின்னர் தனகோடி என்னிடம் சொன்னான்: “அந்த செல்வக்கோடின்னு நீங்க சொன்னவருக்கு நானும்தான் எழுந்து நின்னேன் தலைவரே. பாவம், யாரு பெத்த புள்ளயோன்னு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சி.”

ஆடியில் தனகோடிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தறியில் நான்கு முறை மிதித்தால் ஐந்தாம் முறைக்கு நின்று இளைப்பாறுவான். வேலூருக்குப் போனார்கள். நெஞ்சில் வால்வு என்கிறார்களே, அந்தத் தடுக்கிதழ் ஒன்று கிழிந்திருக்கிறது, ஆவணிக்குள் அறுவை செய்தால் பிழைப்பான், தள்ளிப்போட்டால் உறுதி சொல்ல இயலாது என்றார் மருத்துவர். காப்பீட்டு அட்டையை நீட்டினார்கள். அங்கு நடந்ததை அவன் மனைவி லீலா மன்றத்துக்கு வந்து, நம் தெருவே கேட்கும்படி சொன்னார்: “அந்த கவுண்டர்ல குந்திகினு கீற பையன் கம்ப்யூட்டர பாக்கறான், இவர பாக்கறான், மறுபடி கம்ப்யூட்டர பாக்கறான். ‘இவரு இறந்துட்டாருன்னு காட்டுதே, நீங்க யாரு?’ன்றான். இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? ‘நான்தான் சார் அவரு, மன்னிச்சிக்கோங்க’ன்றாரு! செத்ததுக்கு மன்னிப்பு கேக்கற மனுசன எங்கனா பாத்துகீறீங்களா? நான் வரிசையில நின்னுகினே தாலிய தொட்டு பாக்கறேன். கீது. யாருங்க என் புருசன சாவடிச்சது? பேரச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.” நாற்பதாயிரம் பேர் கூடிய திடலில் குறுக்குக் கேள்விக்கு மறுமொழி சொல்லியிருக்கிறேன், பொன்னரசா. லீலாவுக்கு ஒரு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டேன்.

அன்றே மறைந்தோர் தாளைத் திறந்தேன். தனகோடி, தை பதினைந்தாம் நாள் மறைவு என்று இருந்தது. காசியம்மாளுக்காக ஆனியில் அழுத்தியதற்குத் தையில் செத்திருக்கிறான்! செல்லம்மாளுக்கு நான் எழுதிய நாளையே அந்தக் குறுநிரல் அனைவருக்கும் எழுதிக்கொண்டிருந்தது. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை. ஏதோ தட்டச்சுப் பிழை என்று எண்ணி, லாவண்யாவிடம் சொல்லி, தனகோடியைப் பழைய இடத்தில், அகர வரிசை பிசகாமல், மீண்டும் எழுதச் செய்தேன். எழுதிச் சேமித்த மூன்றாம் நாள் தேவிகாபுரத்து அன்பழகன் மறைந்தார். நான் போய் உரையாற்றிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினேன். அடுத்த திங்கட்கிழமை தனகோடி வேலூர் போனான்; மீண்டும் செத்திருந்தான். ஒரே மனிதனை ஒரே ஆண்டில் இரண்டு முறை கொன்ற செயலாளர் இந்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்குப் பின்தான் அழுத்தியதைத் திரும்பப் பெறும் வழியைத் தேடினேன். எழுத்துப்பிழை செய்தால் மீட்டுத்தரும் வளைந்த அம்பு ஒன்று மேலே இருக்குமே, அது சாம்பல் பூத்துக் கிடந்தது. குறுநிரல் ஓடியபின் அதற்கு முந்திய எதையும் மீட்க இயலாது என்று லாவண்யா எங்கோ படித்துச் சொன்னார். இதை அன்று நீ ஏன் சொல்லவில்லை? கேட்கிறேன். கொல்லும் கருவியைக் கையில் கொடுத்தவன், மீட்கும் வழி அடைபடும் என்று ஒரு சொல் சொல்லக்கூடாதா?

உண்மையைக் கண்டுபிடித்தவன் இறந்தவனே. “நீங்க அழுத்தறத நான் ஒரு தபா பாக்கணும் தலைவரே” என்று வந்து பக்கத்தில் அமர்ந்தான். உண்மைப் பட்டியலில் வேண்டாம் என்று லாவண்யா ஒரு படி எடுத்து வைத்தார். நான் ஒருவர்மீது சுட்டியை வைத்து அழுத்தினேன். வேறொருவர் போனார். பின்னும் ஒருவர்மீது வைத்து அழுத்தினேன்; போனவர் அவரல்லர். தனகோடி திரையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் உள்ள எண்களைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான். மூச்சு வாங்கியதால் சிரிப்பு துண்டு துண்டாக வந்தது. “தலைவரே, இது நம்ம தறி மேல மாட்டற ஜக்கார்டு அட்டைதான். அட்டையில எங்க ஓட்ட போட்டுகீறோமோ அங்க கீற நூலத்தான் தூக்கும். அது செவப்பா பச்சையா, பட்டா பருத்தியான்னு பாக்குமா? நீங்க செல்லம்மாவுக்குன்னு அட்டை அடிச்சீங்க. அது செல்லம்மாவ கத்துக்கல. நாப்பத்தேழுன்னு கத்துகினுச்சி. ஒருத்தன் போனா கீழ கீறவன் நாப்பத்தேழுக்கு ஏறி வரான். அடுத்த அழுத்துக்கு அவன தூக்குது. என்ன நீங்க பழைய எடத்துலயே எழுதினீங்க இல்ல, அது எந்த எடம்? நாப்பத்தேழு. தட்டுல வெச்சி நீட்டிகீறீங்க.” குறுநிரலைத் திறந்து பார்த்தோம். முழுதும் ஆங்கிலம். எங்கள் மூவருக்கும் உடனே புரிந்த ஒன்று, நடுவில் கிடந்த எண்: 47. பட்டறிவு என்பது இதுதான். நீ எட்டு ஆண்டு படித்ததை அவன் ஒரு சிரிப்பில் சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான்.

பொத்தான் விளங்கியது, பதிவகம் விளங்க வேண்டுமே. அலுவலர் சரண்யா நல்ல பெண்தான். ஆனால் அவருக்கு மேல் ஒரு கணினி இருக்கிறது. “சார், ரெண்டு தடவ இறந்தவர மூணாவது தடவ சும்மா எழுதினா சிஸ்டம் எடுக்காது. ஆள் நேர்ல வரணும், செயலாளர் சான்று குடுக்கணும், நான் கண்ணால பாத்து டிக் போடணும்” என்றார். பதிவகம் மூன்றாம் மாடியில். மின்தூக்கி பழுது. படிகள் நாற்பத்திரண்டு. உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க, உயிர் போகும்படி ஏறவேண்டும் என்பது எந்த ஊர்ச் சட்டம் என்று கீழே நின்று முழங்கினேன். தெருவில் போனவர்கள் கைதட்டினார்கள். சட்டை நனைய நின்ற தனகோடி, “கை தட்டறவங்கள ரெண்டு பேர கூப்பிடுங்க தலைவரே, புடிச்சிகினு ஏறலாம்” என்றான். நேற்றுக் காலை ஏறினோம். பதினோராம் படியில் அமர்ந்தான். இருபத்தாறாம் படியில் மீண்டும் அமர்ந்தான், உதடு நீலமாகியிருந்தது. லீலா விசிறினார். “நீ பேசாத. பேசினா மூச்சு போவுது” என்று அவனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “நீங்களும் பேசாதீங்க” என்றார். வாழ்வில் முதன்முறையாக ஒருவர் சொன்னவுடன் பேச்சை நிறுத்தினேன். அரைமணி கழித்து மேலே சேர்ந்தோம். சரண்யா அவனைப் பார்த்தார், எழுந்து தம் நாற்காலியைத் தந்தார், தண்ணீர் தந்தார். “போதும்ங்க, பாத்துட்டேன்” என்று சொல்லி மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினார். ஞானமூர்த்தி, தங்கவேலு, தணிகாசலம் ஆகிய மற்ற மூவரும் பின்னாலேயே ஏறி வந்தார்கள். நால்வரும் உயிரோடு உள்ளனர் என்று நான்கு சான்றுகளில் கையொப்பமிட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். பட்டியலில் நால்வர் பெயரும் புதன் நண்பகலுக்குள் ஏறிவிட்டால் வியாழன் அறுவைக்குத் தடையில்லை என்றார்.

இன்று காலை அதை முடித்துவிட்டேன். தனகோடி சொன்னபடி நால்வரையும் அகர வரிசையில் சேர்க்காமல் கட்டக்கடைசியில், அறுநூறுக்கு அப்பால், நாற்பத்தேழின் கை எட்டாத இடத்தில் என் விரலாலேயே எழுதினேன். மாலையில் லாவண்யா வந்து எழுத்துப்பிழை பார்த்ததும் சேமிக்க வேண்டியதுதான். அந்தக் கறுப்புப் பொத்தானை நீக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் திரையில் அது தெரியும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பசையிட்டு ஒட்டிவிட்டேன். இனி ஒருநாளும் அதை அழுத்தேன். இறந்தவருக்காக ஒன்பது வேலை செய்ய நேரமில்லாத செயலாளன் அந்த நாற்காலியில் இருக்கலாகாது என்று எனக்கே தீர்மானம் போட்டு, நானே வழிமொழிந்து, நானே நிறைவேற்றிக்கொண்டேன்.

ஆகவே, பொன்னரசா, உன்னிடம் நான் கேட்பது எதுவுமில்லை. நீ வரவேண்டாம், பணியை விட்டு அலைய வேண்டாம், பதற வேண்டாம். உன் குற்றத்தை இதனால் மன்னித்தேன். வியாழன் மாலை தனகோடி கண் விழித்ததும் உனக்கு ஒருவரி எழுதுவேன். உன் இல்லம் செழிக்க, உன் மனைவி மக்கள் நோயின்றி வாழ, உன் பெயர் எந்தப் பட்டியலிலும் அதற்குரிய இடத்திலேயே நிலைக்க வாழ்த்தி, பொற்கொடி அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

உன் அன்பு மாமன்,
திருமாறன்.

பின்குறிப்பு (மாலை ஆறரை): மேலே முதற்பத்தியில் நான் உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடு.

நான்கு மணிக்கு லாவண்யா வந்து நான்கு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, “கரெக்டா கீது சார், சேவ் பண்ணி மூடிருங்க” என்று சொல்லித் தேநீர் வைக்கப் போனார். சேமிக்க வேண்டும்; மூட வேண்டும். ஏழு திங்களாக அந்த இரண்டையும் எனக்குச் செய்து கொடுத்தது எது? தாள் திரையின்மேல்தானே ஒட்டியிருந்தது. சுட்டியின் அம்பு தாளுக்கு அடியில் போய்விட்டது. என் விரல் தயங்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்த அன்று அது என் விரலிலும் பதிவாகியிருக்கிறது. திரை கண் சிமிட்டியது. நால்வரும் கடைசியில் பத்திரமாக இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு, அகர வரிசையில் தனகோடிக்கு அடுத்து எவன் ஏறி வந்து நின்றிருந்தான் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

ஐந்து மணிக்குச் சரண்யா அழைத்தார். “சார், நாலு பேரும் வந்துட்டாங்க. ஆனா செயலாளர் திருமாறன் ஜனவரி இருவத்தெட்டுல இறந்துட்டாருன்னு காட்டுது.” நான், “திருமாறன்தானம்மா பேசுகிறேன்” என்றேன். “தெரியுது சார், உங்க குரல் தெரியாதா? குரல வெச்சி நான் இன்னா பண்ணட்டும்? ஜனவரிக்கு அப்பறம் நீங்க போட்ட கையெழுத்து எதையும் சிஸ்டம் எடுக்கல. நாலு சான்றும் திரும்பிடுச்சி. மறுபடி எல்லாரும் நேர்ல வரணும் சார், உங்களையும் சேத்து. நாளைக்கு பன்னெண்டு மணிக்குள்ள.” அவரே தொடர்ந்து, “ஜனவரிக்கு முன்னாடி எடுத்த பழைய லிஸ்ட் யார்கிட்டனா மெயில்ல இருந்தா அனுப்பச் சொல்லுங்க. அத வெச்சி இங்கிருந்தே சரி பண்ணிடறேன். அவர மட்டும் மறுபடி படி ஏற வெக்காதீங்க” என்றார்.

தனகோடி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். லீலா எழுந்து உள்ளே போய்விட்டார். அவன்தான் சொன்னான்: “வாங்க தலைவரே, இப்பதான் நாம சரிசமம். நேத்து பதினொண்ணுல உக்காந்தேன், இருவத்தாறுல உக்காந்தேன். நாளிக்கி எந்தப் படியோ.”

பழைய பட்டியல் உன்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்கு நான் அனுப்பினேனே, அது. அதில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். செல்லம்மாள்கூட இருக்கிறார். ஐந்தேகாலிலிருந்து உன்னைப் பதினோரு முறை அழைத்துவிட்டேன். பதினோரு முறையும் “மாமா, மீட்டிங்” என்று வந்தது. அஞ்சலில் சேர்க்க நேரமில்லை. இந்த மடலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து லாவண்யா உனக்கு அனுப்புகிறார். அந்தப் பக்கம் இருப்பது நீயா, உன் பொத்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குப் பத்து மணி வரைக்கும் அவன முதல் படியில கால் வெக்க வுடமாட்டேன். அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது. ஹேமநாத், போன எடுடா.